பூட்டிய அலமாரியும் திறந்த பதிவேடும்: தோட்டப்பள்ளி நூலகரின் சட்டக்கடமையும் அறக்கடமையும்

தமிழில் 'தணிக்கை' என்னும் சொல் இரண்டு பணிகளைச் செய்கிறது. கணக்கைச் சரிபார்ப்பதும் தணிக்கை. நூலிலோ திரைப்படத்திலோ வேண்டாதது எனக் கருதுவதை நீக்குவதும் தணிக்கை. முன்னதில் எண்ணிக்கை சரியாக உள்ளதா என்று பார்க்கிறோம். பின்னதில் உள்ளடக்கம் தகுமா என்று பார்க்கிறோம். ஆங்கிலத்திலும் மலாயிலும் இவற்றுக்கு வெவ்வேறு சொற்கள் உள்ளன. தமிழில் இரண்டும் ஒன்றாகிப் போனதை மொழிநூலார் பொருள்விரிவு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இவ்விரு பொருளும் நடைமுறையிலும் ஒருவர் தலைமேலேயே வந்து விழும் இடம் ஒன்று உண்டு. அது பள்ளி நூலகம். நூல்களை எண்ணுபவரும் அவரே. எந்த நூல் பிள்ளைகள் கைக்குப் போகலாம் என்று முடிவு செய்பவரும் அவரே.

மலேசியத் தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிகளில் அவர் நூலக ஊடக ஆசிரியர் எனப்படுகிறார். நூலகம் 'வளமையம்' ஆகிவிட்டது. பெயர் பெரிதாயினும் ஆள் பெரும்பாலும் ஒருவர்தாம். 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி எனக் கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுள் பல அவ்வகையின. அங்கே நூலகப் பொறுப்பாளர் கணிதமும் கற்பிப்பார், விளையாட்டுப் போட்டிக்கும் மாணவரை அழைத்துச் செல்வார், இடையில் நூலகக் கதவையும் திறப்பார். அவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது, அறம் என்ன சொல்கிறது என்பதை எடுத்துரைப்பார் குறைவு. அதன் விளைவாகத் திறந்திருக்க வேண்டியது பூட்டிக் கிடக்கிறது. மூடியிருக்க வேண்டியது திறந்து கிடக்கிறது. அலமாரியையும் இரவல் பதிவேட்டையும் கருதியே இதைச் சொல்கிறேன்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களை வைத்து இதைப் பேசுவது பொருந்தும். ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவியபோது, பகாங் கூட்டரசு மலாய் மாநிலங்களுள் ஒன்றாக இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும். பள்ளிக்கூடம் வேண்டும் என்ற அளவில் அச்சட்டம் நின்றது. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்த பள்ளிகள் அந்நாளில் பல. நூல் என்பது அவர் கையில் இருந்த ஒன்றிரண்டே. இன்று மானியம் வருகிறது, நன்கொடை வருகிறது, அலமாரிகளும் உள்ளன. ஆயினும் நூலுக்கும் பிள்ளைக்கும் இடையில் அச்சம் ஒன்று வந்து நிற்கிறது.

அவ்வச்சத்தின் வேர் 1957ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. அரசுப் பணியில் உள்ளவர் ஒருவரின் பொறுப்பில் இருந்த அரசுப் பணத்திலோ உடைமையிலோ குறைவு நேர்ந்தால், அதனை அவரிடமிருந்து ஈடுகட்டிக்கொள்ள அப்பிரிவு வழிசெய்கிறது. 'நூல் தொலைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்' என்று ஆசிரியர் அறைகளில் புழங்கும் பேச்சின் மூலம் அதுவே. பேச்சில் விடுபட்டுப் போவது சட்டத்தின் மறுபாதி. ஈடு விதிப்பதற்கு முன் உரியவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். அவர் தரும் விளக்கம் நிறைவளித்தால் விதிக்க இடமில்லை. விளக்கத்துக்குத் தவணையும் உண்டு. இரவல் கொடுத்த நாள், பெற்றவர், திருப்பிக் கேட்ட நாள் ஆகியவற்றை ஒழுங்காக எழுதி வைத்திருக்கும் ஆசிரியருக்கு அந்த விளக்கம் கையிலேயே இருக்கிறது. பிள்ளைகள் புரட்டிப் புரட்டித் தைந்துபோன நூலையும் கவனக்குறைவால் காணாமற்போன நூலையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பழுதானதைக் கழிக்கவும் இழந்ததைக் கணக்கிலிருந்து நீக்கவும் கருவூல நடைமுறைகள் உள்ளன. படிவம் நிரப்புவது சலிப்பூட்டும் வேலைதான். அந்தச் சலிப்புக்கு அஞ்சி அலமாரியைப் பூட்டுவது சட்டத்துக்குக் கீழ்ப்படிவது ஆகாது.

கேமரன் மலையில் பூட்டு இன்னொரு தீங்கையும் செய்கிறது. பனிமூட்டமும் மழையும் மாறிமாறி வரும் அவ்வுயரத்தில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. ஈரப்பதம் 65 அல்லது 70 விழுக்காட்டைத் தாண்டி, காற்றும் அசையாமல் நின்றால் தாளிலும் பசையிலும் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடிக் கதவை இறுக்கிப் பூட்டி, சுவரோடு ஒட்டவைத்து, நூல்களை நெருக்கி அடுக்கிய அலமாரி பூஞ்சணத்துக்கு நாமே கட்டிக்கொடுத்த வீடு. பாதுகாப்பதாக எண்ணிப் பூட்டியவர், ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் திறந்து பார்க்கும்போது முதுகு கறுத்த நூல்களைக் காண்கிறார். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. படிக்கத்தான் நூல் இல்லை. வெயில் ஏறும் நேரத்தில் கதவுகளைத் திறந்து வைத்தல், சுவருக்கும் அலமாரிக்கும் இடைவெளி விடுதல், பூஞ்சணம் கண்ட நூலை உடனே பிரித்து வைத்தல் ஆகியவை செலவில்லாத காரியங்கள். இவற்றினும் சிறந்தது நூலைப் பிள்ளைகளிடம் கொடுப்பது. அடிக்கடி கை மாறும் நூலில் பூஞ்சணம் எளிதில் குடியேறாது. ஈளை நோயுள்ள பிள்ளைகளைப் பூஞ்சணத்தூள் துன்புறுத்தும் என்பதால், இது பிள்ளைகளின் உடல்நலத்தைப் பற்றிய பொறுப்பும் ஆகும்.

நம்மவர் ஒருவர் இதன் அடிப்படையை முன்பே எழுதியிருக்கிறார். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதியாகப் பயன்பாட்டையே வைத்தார். ஐரோப்பாவில் இடைக்காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்த வழக்கத்தை அவ்விதியை விளக்கும்போது அவர் எடுத்துக்காட்டினார். சங்கிலி போய்ப் பூட்டு வந்திருக்கிறது, அவ்வளவே.

இனித் தணிக்கையின் இரண்டாம் பொருளுக்கு வருவோம். எந்த நூலைச் சட்டம் உண்மையில் தடுக்கிறது? 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் 7ஆம் பிரிவின்கீழ் உள்துறை அமைச்சர் ஒரு வெளியீட்டைத் தடைசெய்யலாம். அப்படித் தடைசெய்த நூலைத் தக்க காரணமின்றி வைத்திருந்தால் 8ஆம் பிரிவின்படி 5,000 ரிங்கிட் வரை தண்டம். விற்பதற்கோ பரப்புவதற்கோ வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை தண்டம், அல்லது இரண்டும். ஆபாச வெளியீடுகளை 20 வயதுக்கு உட்பட்டவருக்குக் கொடுப்பதைத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 293ஆம் பிரிவு தனிக் குற்றமாக வைக்கிறது. நன்கொடையாகக் கட்டுக்கட்டாக வரும் பழைய நூல்களைப் பிரித்துப் பாராமல் அடுக்கில் ஏற்றக்கூடாது என்பதற்கு இவை போதிய காரணம். நன்கொடையை மறுப்பது மரியாதைக் குறைவு என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. பள்ளி நூலகத்தைப் பொறுத்தவரை அவ்வெண்ணத்தைக் கைவிட வேண்டும்.

தடைசெய்யப்படாத, ஆயினும் எவரேனும் முகம் சுளிக்கக்கூடிய நூல்களில்தான் சிக்கல் மிகுதி. நம் சமூகத்தைத் தொட்ட எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அப்துல்லா உசேன் எழுதி 1971இல் வெளிவந்த 'இன்டர்லோக்' என்னும் மலாய் நாவல், 2011இல் சில மாநிலங்களின் ஐந்தாம் படிவ மாணவர்க்கு இலக்கியப் பாடநூலாயிற்று. தமிழர் கதைமாந்தரைச் சாதிப்பெயரால் சுட்டிய சொல்லை இந்தியச் சமூகத்தினர் பலர் எதிர்த்தனர். குழு அமைக்கப்பட்டது, திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன, ஆண்டு முடிவதற்குள் அந்நூலைப் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளும் முடிவு வந்தது. அச்சொல்லின் வரலாறு கசப்பானது. பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய ஒரு தமிழ்ப்பெயர், போர்ச்சுகீசியர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளில் புகுந்து, 'ஒதுக்கப்பட்டவர்' என்னும் இழிபொருளைப் பெற்றது. அப்பொருளைச் சுமந்துகொண்டே வேறு பல மொழிகளுக்கும் பரவியது. ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் உலகம் முழுவதும் வசையான கதை அது. வகுப்பில் பதினேழு வயதுப் பிள்ளையை அதை உரக்கப் படிக்கச் சொல்வது என்னவாக இருக்கும் என்பதை அன்று எதிர்த்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஆனால் பாடநூல் வேறு, நூலக நூல் வேறு. பாடநூல் கட்டாயம், நூலக நூல் விருப்பம். பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்வதும் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தடைசெய்வதும் ஒன்றல்ல. ஆகவே அத்தகைய நூலின் படி ஓர் இடைநிலைப்பள்ளி நூலகத்தில் இருந்தால் அதை ஒளிக்க வேண்டிய சட்டக்கடமை எவருக்கும் இல்லை. அதைத் தேடி வரும் மாணவருக்கு எடுத்துக் கொடுத்து, அச்சொல் எப்படி இந்நிலைக்கு வந்தது என்பதையும் சொல்லக்கூடிய ஆசிரியரே அங்குத் தேவை. தொடக்கப்பள்ளியில் வயதைக் கருதி வேறு முடிவு எடுக்கலாம். எம்முடிவானாலும் அது தனியொருவர் மனக்கசப்பில் எடுக்கும் முடிவாக இருத்தல் ஆகாது. தலைமையாசிரியர் தலைமையிலான வளமையக் குழு கூடி, காரணத்தை எழுதி வைத்து, ஒப்பமிட வேண்டும். காரணம் எழுதப்படாமல் அடுக்கிலிருந்து மறையும் நூல்தான் மெய்யாகத் தணிக்கைக்கு உட்பட்ட நூல்.

பதிப்புரிமை பற்றிச் சில சொற்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியர் வாழ்நாளுக்குப் பின் 50 ஆண்டுகள் உரிமையைக் காக்கிறது. டாக்டர் மு. வரதராசனார் 1974இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களுக்கு மலேசியாவில் இக்காலம் 2024இன் முடிவோடு நிறைவுற்றது. மலாயாத் தோட்ட மக்களை வைத்துப் 'பால்மரக்காட்டினிலே' எழுதிய அகிலன் 1988இல் மறைந்தார். அவர் நூல்கள் 2038இன் முடிவு வரை காப்பில் உள்ளன. தேர்வு வினாத்தாளில் ஒரு பத்தியை எடுத்தாளச் சட்டம் இடந்தருகிறது. நேரிய பயன்பாட்டுக்கும் இடமுண்டு. எவ்வளவு எடுத்தோம், அதனால் நூலின் விற்பனை கெடுமா என்பதைப் பார்த்தே அது முடிவாகும். பயிற்றி ஒன்றை வாங்கி முப்பது படி நகலெடுப்பதும், அதன் மின்படியைப் புலனக் குழுக்களில் பரப்புவதும் இந்த இடத்துக்குள் அடங்குமெனச் சொல்ல இயலாது. உரிமை மீறிய படிகளைப் பரப்பினால் படி ஒவ்வொன்றுக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஏழைப் பிள்ளைகளுக்காகச் செய்கிறோம் என்பர். மலேசியத் தமிழ்ப் பயிற்றிகளை எழுதுவோரும் பெரும்பாலும் நம் ஆசிரியர்களே; அவர்களுக்குச் சந்தை சிறிது. படி எடுத்துப் படி எடுத்து அச்சந்தையை மூடிவிட்டால், அடுத்த ஆண்டு படி எடுக்கவும் நூல் இராது.

இதுவரை சொன்னவற்றில் சட்டம் பேசுகிறது. நாம்தாம் கூடுதலாகவோ குறைவாகவோ கேட்டுவிடுகிறோம். பதிவேட்டைப் பற்றிச் சட்டம் ஏறத்தாழ மௌனமாகவே இருக்கிறது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கு உரியது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. அங்காடியில் உங்கள் தொலைபேசி எண்ணைக் கேட்பவருக்கு அச்சட்டம் பொறுப்பைச் சுமத்துகிறது. ஒரு பிள்ளை என்னென்ன நூல்களைப் படித்தது என்று எழுதி வைத்திருக்கும் பள்ளி நூலகத்துக்கு அப்பொறுப்பைச் சுமத்தவில்லை.

பதிவேடு வேண்டும் என்று மேலே சொன்னவன் நானே. அதே பதிவேடு தீங்கும் செய்யும். தேயிலைத் தோட்டத்தில் ஒரு பள்ளியின் பிள்ளைகள் அடுத்தடுத்த லயன் வீடுகளில் வாழ்பவர்கள். கிராணியின் மகனும் கொழுந்து பறிப்பவரின் மகளும் ஒரே வகுப்பு. பள்ளிப் பணியாளர் தோட்டத்துக்காரராகவே இருப்பார். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி பூப்பெய்துவதைப் பற்றிய நூலை எடுக்கிறாள் என்று கொள்வோம். அல்லது குடிகாரத் தந்தையின் கதையை ஒரு சிறுவன் மூன்று முறை இரவல் பெறுகிறான் என்று கொள்வோம். பதிவேடு மேசைமேல் திறந்து கிடக்கிறது. நகரத்தில் அது வெறும் பெயரும் எண்ணும். தோட்டத்தில் அது மாலைக்குள் ஊர்ப்பேச்சு. அதன்பின் அப்பிள்ளை அவ்வகை நூலைத் தொடுவதில்லை. பூட்டிய அலமாரி எதைச் செய்கிறதோ அதையே திறந்த பதிவேடும் செய்துவிடுகிறது.

1990களின் இறுதியில் தொடங்கிய நிலாம் வாசிப்புத் திட்டம் நல்ல நோக்கமுடையது. பிள்ளைகள் படித்த நூல்களைக் குறித்து வைத்து, எண்ணிக்கைக்கேற்பப் பாராட்டுப் பெறுகிறார்கள். இன்று அப்பதிவு இணையத்துக்கும் வந்துவிட்டது. ஆயினும் படித்தது அனைத்தையும் அறிவிக்க வேண்டும் என்ற பழக்கம், மறைவாகப் படிக்கும் உரிமை ஒன்று உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு மறக்கடித்துவிடும். எதை நிலாம் பதிவில் எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விட வேண்டும் என்பது என் கருத்து. பாராட்டு எண்ணிக்கைக்கு உரியது. தலைப்புகளைச் சபைகூடலில் வாசிக்க வேண்டியதில்லை.

சட்டம் மௌனமாக உள்ள இடத்தில் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை என்பதில்லை. ஐக்கிய நாட்டு அவையின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995இல் இணைந்தது. சில விதிகளுக்கு மறுப்புக் குறித்திருந்தாலும், குழந்தையின் அந்தரங்கத்தைக் காக்கும் 16ஆம் விதிக்கு அது மறுப்புக் குறிக்கவில்லை. பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் வெளியிட்ட நெறிமுறையும் நூலகத்துக்கும் வாசகருக்கும் இடையிலான உறவை நம்பிக்கைக்குரிய உறவாகவே வகுக்கிறது. நடைமுறையில் இது கடினமன்று. நூல் திரும்பிய அன்றே பெயரை அடித்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அட்டைமுறையில் பிள்ளையின் பெயருக்குப் பதிலாக எண்ணை எழுதலாம். 'அவன் என்ன படிக்கிறான்?' என்று இன்னொருவர் கேட்டால் சொல்லாமல் இருக்கலாம். கேட்பவர் பெற்றோராயின் நிலை வேறு. பிள்ளையையே கேட்கும்படி அவரிடம் கனிவாகச் சொல்வது பெரும்பாலும் போதும்.

இந்த மறைகாப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதனை நூலகர் ஐயமின்றி அறிந்திருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவு, அத்தகைய குற்றத்தை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதவரைக் குற்றவாளியாக்குகிறது. தண்டம் 5,000 ரிங்கிட் வரை. இது ஆசிரியர், மருத்துவர் என்று பாராமல் எவரையும் கட்டும். வகுப்பறையில் வாய்திறவாத பிள்ளை, நூலகத்தின் மூலையில் ஒரு கதைநூலைக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குவதுண்டு. 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று அப்போது வாக்களிக்கக் கூடாது. பிள்ளை என்ன நூல் எடுத்தது என்பது மறைக்கத்தக்கது. பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்பது மறைக்கத்தக்கதன்று. ஒரு நூலை இரவல் பெற்றதை மட்டும் வைத்துக் குடும்பத்தை ஐயுறுவதும் தவறு. பிள்ளையின் சொல்லே சான்று. நூலின் தலைப்பு சான்றன்று.

ஆசிரியர்களிடம் இன்னொன்றும் கேட்கலாம். சிறிய பள்ளிகளில் இரவல் மேசையில் உண்மையில் அமர்ந்திருப்போர் மாணவ நூலகர்கள், அதாவது பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். யார் எதை எடுத்தார் என்பது அவர்களுக்கே முதலில் தெரியும். அவர்களுக்கு முத்திரை குத்தவும் அடுக்கவும் கற்பிக்கிறோம், சின்னம் அணிவிக்கிறோம். பொறுப்பேற்கும் நாளில், தோழன் எடுத்த நூலின் பெயரை ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலையில் சொல்லக்கூடாது என்பதையும், ஏன் சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்துக் கற்பிக்க அரைமணி நேரம் போதும். பள்ளியாண்டின் முதல் வாரத்திலேயே அதை வைத்துக்கொள்ளலாம்.